கரையாத எண்ணெய்த் துளி

மார்ச் 3

மூன்றாம் தொட்டியும் போயிற்று. பொரித்து ஐந்தே நாள், கொடுவா மீன் குஞ்சுகள் அத்தனையும் அடியில் வெள்ளையாகக் கிடந்தன. பண்ணை நாத்தனாருடையது, குஞ்சு அறை என் பொறுப்பு. அப்புறம் கேட்க வேண்டுமா? வேலையாட்கள் முன்னாலேயே, "உன் கை பட்டாலே விளங்காது" என்றார்.

என் கையாம்!

மார்ச் 4

செத்த குஞ்சுகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். மஞ்சள் கருவோடு தாய் கொடுத்தனுப்பிய எண்ணெய்த் துளி அப்படியே இருக்கிறது. கரைந்து உடம்பில் சேரவே இல்லை. தாய் தின்ற தீனி சரியில்லையென்றால் துளி இப்படித்தான் நின்றுவிடும். வயிற்றில் வைத்துக்கொண்டே பட்டினியில் செத்திருக்கின்றன. தாய்மீன்களுக்கு வருஷம் முழுக்க மலிவு உருண்டைத் தீனியைத் தவிர வேறொன்றும் காட்டாதது யார்? நானா?

நாத்தனாரிடம் சொன்னேன். "வயிறு ரொம்பியிருக்கு, பட்டினிங்கிறே. நல்லா கதை விடுறே" என்று சிரித்தார்.

மார்ச் 6

அடுத்த ஈடும் செத்தால் குஞ்சு அறைக்கு வேறு ஆளாம். என்னிடம் சொல்லவில்லை, தன் தம்பியிடம் சொல்லியிருக்கிறார். என் வீட்டுக்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "அக்காகிட்ட கொஞ்சம் அனுசரிச்சுப் போயேன்" என்கிறார். எதை அனுசரிப்பது — பழியையா? அந்த அறையும் போனால் எனக்கு இந்த வீட்டில் அடுப்படிதான் மிச்சம். விடமாட்டேன்.

மார்ச் 11

வலைக்காரரிடம் சொல்லிவைத்து, கடலில் பிடித்த தாயின் முட்டை வாங்கிவந்தேன். பண்ணை முட்டை ஒரு தொட்டி, கடல் முட்டை ஒரு தொட்டி. ஒரே தண்ணீர், ஒரே தீனி, ஒரே விளங்காத கை. பார்க்கலாம்.

மார்ச் 13

நாத்தனார் கடல் குஞ்சுகளை எட்டிப் பார்த்து, "இத்துனூண்டு இருக்கு. இதுக்கா இந்த ஆட்டம்?" என்றார்.

மார்ச் 17

கடல் குஞ்சுகள் துளியைச் சொட்டு மிச்சமில்லாமல் தீர்த்துவிட்டு இரையைத் துரத்துகின்றன. பண்ணைக் குஞ்சுகள் துளியோடு செத்துக் கிடக்கின்றன. நாத்தனாரை மைக்ராஸ்கோப் முன்னால் உட்காரவைத்தேன். நெடுநேரம் பார்த்தார். "கண்ணாடி அழுக்கா இருக்கு" என்று எழுந்து போனார்.

அழுக்கா? காலையிலதானே துடைச்சேன்! மனுஷியா அவ? ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொன்னா வாய் வெந்தா போயிடும்?

மார்ச் 18

பேச்சுவார்த்தை இல்லை. நிம்மதி.

மார்ச் 26

புது ஆள் பேச்சையே காணோம். அறைச் சாவி இன்னும் என்னிடம்தான்.

சாயங்காலம் தாய்மீன் தொட்டிப் பக்கம் போனேன். நாத்தனார் குனிந்து, கணவாயும் மத்தியுமாக நறுக்கித் தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் வாளியை முந்தானையால் மூடினார்.

"பூனைக்கு வாங்கினது. மிச்சமாயிடுச்சு."

இந்தப் பண்ணையில் பூனையே கிடையாது.