உன் தையல் மிஷினும் என் மகனும்

நேற்று என் மகன் வாசல் கதவின் கீலுக்குத் தையல் மிஷின் எண்ணெய் விட்டான். அந்த வாசம் மூக்கில் ஏறியதும் உன் மேல் இருந்த பழைய கோபம் திரும்பி வந்துவிட்டது. நீ இறந்துபோய் மூன்று வருஷமாகிறது. போனவள் மேல் என்ன கோபம் என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். கோபம் போகவில்லை.

தொண்ணூறுகளில் மயிலாப்பூரில் ஒரே வீட்டின் இரண்டு போர்ஷன்களில் குடியிருந்தோம். எனக்குத் தியாகராய நகரில் ஒன்றாம் வகுப்பு டீச்சர் வேலை. உனக்கு வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிற வேலை. என் ஆறு வயதுப் பையன் பள்ளி விட்டு வந்து, நான் திரும்பும்வரை உன்னிடம்தான் இருப்பான். ஓரிடத்தில் நிற்காத பிள்ளை. நாற்பது பிள்ளைகளை எழுத்துக் கூட்ட வைத்தவள் நான். இவனைப் புத்தகத்தின் முன் இரண்டு நிமிஷம் உட்கார வைக்க முடியவில்லை. சம்மணம் போடு, வரியில் விரல் வை என்பேன். கட்டிலுக்கு அடியில் போய்விடுவான்.

ஒரு நாள் உன் ஜன்னல் பக்கம் செருப்பைக் கழற்றும்போது அவன் குரல் கேட்டது. வாசித்துக்கொண்டிருந்தான்! அளவு வெட்ட நீ வாங்கும் பழைய பேப்பர் கட்டோடு வந்த ஏதோ கதைப் புத்தகம். ஒரு வரி வாசிப்பான், குரங்காகி ட்ரங்குப் பெட்டியிலிருந்து குதிப்பான், ஓடி வந்து அடுத்த வரி வாசிப்பான். அவன் நிறுத்தினால் உன் மிஷினும் நின்றுவிடும்.

"இன்னாடா நிறுத்திட்ட? என் கண்ணு ஊசி மேல கீது. கொரங்கு இன்னா ஆச்சுன்னு தெரியாம எனக்குக் காலே ஓட மாட்டேங்குது. பார்த்துச் சொல்லு."

அவன் சொன்னான். மிஷின் ஓடியது. சந்தோஷப்பட வேண்டியவள் நான். எனக்கு வயிறு எரிந்தது.

மறுநாளே லஸ் முனையில் ஒரு கதைப் புத்தகம் வாங்கி வந்தேன். நானும் உன்னைப் போலவே, "அப்புறம் என்னடா ஆச்சு?" என்று கேட்டேன்.

"உனக்குத் தெரியும்மா. நான் சரியாப் படிக்கிறேனான்னு பாக்குற. ஆன்ட்டிக்கு நெஜமாவே தெரியாது" என்றான்.

அடுத்த வாரம் அவனை மந்தைவெளியில் ஒரு டியூஷனில் சேர்த்தேன். உன்னிடம் பொய் சொன்னேன். "துணித் தூசி அவனுக்கு ஒத்துக்கல. ஒரே இருமல்." நீ முகம் வாடித் தலையாட்டினாய். இரண்டு நாள் கழித்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே என் வாசலில் வந்து நின்றாய்.

"டீச்சரே, ரெண்டு தபா ஈரத்துணி போட்டுத் தொடச்சிட்டேன். வெட்டுத்துணியெல்லாம் பின்னாடி போட்டுட்டேன். தூசியே இல்ல. புள்ளைய அனுப்பேன். கதை பாதில நிக்குது."

"பார்க்கலாம்" என்றேன். அனுப்பவில்லை. நீ தரை துடைக்கும் சத்தம் சுவர் வழியே தினமும் கேட்டது. நாங்கள் கோடம்பாக்கத்துக்கு வீடு மாறிப் போகிறவரை நீ துடைத்துக்கொண்டுதான் இருந்தாய்.

டியூஷனில் அவன் வாயே திறக்கவில்லை. கடைசியில் உன் வழிக்குத்தான் வந்தேன். நான் படித்திராத கதையாகப் பார்த்து அவன் கையில் கொடுத்துவிட்டு, அரிவாள்மணையில் கண்ணை வைத்துக்கொண்டு கத்தரிக்காய் நறுக்கினேன். சமையலறையைச் சுற்றி ஓடி ஓடிப் படித்தான். அதை உனக்குச் சொல்லி அனுப்பக்கூட எனக்கு மனம் வரவில்லை.

இப்போது அவன் மகளுக்கு ஐந்து வயது. அவளும் ஓட்டம்தான். இன்று காலை தன் மனைவியிடம் சொன்னான்: "அவளை அம்மாகிட்ட விடு. என்னையே படிக்க வச்சவங்க அம்மாதான்."

பக்கத்து போர்ஷனில் ஒரு ஆன்ட்டி இருந்தது அவனுக்கு நினைவே இல்லை. உன் பெயர் எனக்கு வாய் வரைக்கும் வந்தது. "ஆமாம்" என்று மட்டும் சொன்னேன். அவனிடம் உனக்கு இருந்த இடம் முழுக்க இப்போது என்னுடையது. அப்படியும் உன் மேல் பொறாமை தீரவில்லையடி. என் பிள்ளை முதன்முதலாக வாசித்துக் காட்டியது உனக்குத்தானே.