நம் கம்பெனி யார் பேரில்?

அன்புள்ள செல்வி அம்மிணிக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? பாப்பா சுகந்தானே? எனக்குக் குறையில்லை, பெய்ரூட் ரொட்டியில் தொப்பைதான் தனியாக வளர்கிறது.

பயப்படாமல் கேள். நேற்று இங்கே தங்குவதற்கான அனுமதியைப் புதுப்பிக்க வெளிநாட்டவர் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் எங்கள் முதலாளியம்மா நாதியா, மகளோடு! அந்தப் பெண் பிறந்ததும் படித்ததும் இதே ஊர்தான். ஆனால் அப்பா எகிப்துக்காரர்; இங்கே தாய் வழியில் குடியுரிமை கிடையாதாம். துறைமுகம் வெடித்த மறுவாரமே கண்ணாடிச் சில்லைக் கூட்டித் தள்ளிவிட்டு முப்பது தையல் மெஷினை ஓட்டிய அம்மாவால், மகளுக்குத் தன் நாட்டைக் கொடுக்க முடியவில்லை.

என் வாய் சும்மா இருக்குமா? "எங்க திருப்பூர்ல பொம்பளைங்களே கம்பெனி நடத்தறாங்க மேடம். எங்க ஊட்டுக்காரம்மாகூடத்தான்" என்று பீற்றிக்கொண்டேன்.

"யார் பேர்ல இருக்கு, மாஸ்டர்?"

இன்னும் என் பேரில்தானே இருக்கிறது! "ஏனுங்க, எப்பங்க கையெழுத்துப் போடுவீங்க?" என்று நீ ஆறு மாதமாகக் கேட்கிறாய். நானோ ஜோக் அடித்தே நழுவுகிறேன். பேரும் போய்விட்டால் ஊரில் நான் யார் என்ற பயம்தான், வேறென்ன? நேற்றிலிருந்து வேலையில் கை ஓடவில்லை.

கம்பெனியை உன் பேருக்கு மாற்ற நீ அனுப்பிய தாள்களில் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். ஊரிலிருந்து யாராவது இங்கே வந்தால் கொள்ளுப்பொடி கொடுத்தனுப்பு. பாப்பா பேசுவதைப் பதிவு செய்து அனுப்பு, என்னைத் திட்டினாலும் சரி.

கூரியர்காரர் வந்துவிட்டார். என் மனசு மாறுவதற்குள் கொடுத்துவிடுகிறேன். என் புது முதலாளியம்மா, நான் திரும்பி வந்தால் கட்டிங் மாஸ்டர் வேலை தருவீங்களா?

அவசரமாக,
மோகன்ராஜ்