மூச்சை எப்போது விடுவது

அன்புள்ள அக்காவுக்கு, நான் இங்கே இரும்பு மாதிரி இருக்கிறேன். உன் முட்டிவலி தேவலையா? நீந்தி, சைக்கிள் ஓட்டி, கடைசியில் ஓடியும் முடிக்கிற பந்தயத்துக்குக் கம்பெனி என்னைத்தான் பொறுக்கியெடுத்திருக்கிறது. கடலையே நீந்தியவன் என்று மேனேஜரிடம் லேசாகச் சொல்லிவைத்திருந்தேன். வேலைக்குச் சைக்கிளில் பறக்கிறேன்; சாப்பாட்டு நேரத்தில் குடோனைச் சுற்றி ஓடினால் லாரிக்காரர்கள் வாயைப் பிளக்கிறார்கள்.

நேற்று நீச்சல்குளத்தின் அடித்தரையைத் தொட்டுப் பார்க்கப் போனேன். அங்கிருந்த காவலாளி அவசரக்குடுக்கை, தலைமுடியைப் பிடித்துத் தூக்கிவிட்டார். "அண்ணே, இனி சின்னப் பிள்ளைங்க பக்கம் வந்துடுங்க" என்றார்.

பந்தயம் அடுத்த மாதம், ஆழமான ஏரியில். நீச்சல் பழகும் உன் மகளிடம், மூச்சை எப்போது இழுப்பது, எப்போது விடுவது என்று படம் போட்டு அனுப்பச் சொல். போனில் வேண்டாம், அறையில் எல்லாருக்கும் கேட்கும். இங்கே ஒருத்தனுக்கு அது தெரியவில்லை. பாவம், தூக்கமே வருவதில்லை அவனுக்கு.

வேலைக்குச் சங்கு ஊதுகிறது. சீக்கிரம் அனுப்பு அக்கா.

உன் தம்பி