உன் தகரக் குழாய்

நேற்று உன் மகள் ஒரு துணிப்பையோடு வந்தாள். உள்ளே நீ கோஷம் போடும் தகரக் குழாய். "அப்பாவோடது மாமா, உங்களாண்டதான் இருக்கணும்" என்றாள். வாயருகே கொண்டுபோனேன். துருவோடு மூக்குப்பொடி வாசனையும் வந்தது. முதலாளித்துவத்தை ஒழிக்கக் கிளம்பியவனால் சாகும்வரை அந்தப் பொடிமட்டையை ஒழிக்க முடியவில்லை.

எழுபதுகளில் நீ என் தறிக்குழி ஓரம் உட்கார்ந்து, சங்கத்தில் சேரச் சொல்லி என்னை எவ்வளவு படுத்தியிருப்பாய்! "தறி என் சொந்தம்பா. நான் எப்டி தொழிலாளி ஆவேன்?" என்று ஒருநாள் எரிந்து விழுந்தேன்.

"தறி உன்னுது. பட்டு யாருது? ஜரிகை யாருது? நெய்ஞ்சு முடிச்சா புடவை யாருது? கால் வலி மட்டுந்தான்பா உன்னுது" என்றாய். என் மனைவி சிரித்துவிட்டாள். எனக்கு வந்த கோபம் இரண்டு நாள் தீரவில்லை.

நமக்கு நெய்வதற்குப் பாவுநூல் கொடுத்த பட்டுக்கடை அண்ணன் தம்பியை நினைவிருக்கிறதா? அண்ணன் ஒரு கட்சி, தம்பி எதிர்க்கட்சி. தேர்தல் வந்தால் தனித்தனியாக வந்து கும்பிடுவார்கள். "ரெண்டு பேருக்கும் ரெண்டு கொடி. கூலி ஏத்துன்னா மட்டும் ஒரே வாய்" என்பாய். அதைச் சொல்லியே நீயும் நகராட்சித் தேர்தலில் நின்று பரிதாபமாகத் தோற்றாய். மறுநாள் காலையில், "பேஜார் பண்ணாத, ஜல்தியா போஸ்டர் ஒட்டணும் வா" என்று என்னையே கூப்பிட வந்தாய்.

அப்புறம் எண்பதுகளின் தொடக்கத்தில் அந்த வேலைநிறுத்தம். கூலி உயர்வு கேட்டு ஊரே தறியை நிறுத்தியிருந்தது. தம்பி முதலாளி எனக்கு மட்டும் ஆள் அனுப்பினார். முகூர்த்தப் புடவை, முடித்துக் கொடுக்காவிட்டால் இனி எனக்குப் பாவே கிடையாது என்று. பயந்துவிட்டேன். மத்தியானத்தில் கதவைச் சாத்திக்கொண்டு, சத்தம் வராமலிருக்கத் தறியின் அடிக்கும் பலகையில் பழந்துணி சுற்றி நெய்தேன். அமைதியான தெருவில் ஒற்றைத் தறி எவ்வளவு தூரம் கேட்கும் என்பது நெசவாளியான எனக்கே தோன்றவில்லை பார்.

ஊர்வலம் எங்கள் தெருவுக்குள் திரும்பியது என் தறிச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. கேட்டபோது வாசலுக்கே வந்துவிட்டீர்கள். கை நின்றது.

"இங்க தறி ஓடிகினு இருந்துது, நிஜமா கேட்டேன்" என்றது ஒரு குரல்.

"எங்க ஓடுது? கோஷத்த விட்டுட்டு காத வெச்சிகினு வரியா? சத்தமா போடுங்கபா!" என்று இந்தக் குழாயில் கத்தினாய். கதவிடுக்கில் பார்த்தேன், ஊர்வலம் நகர்ந்து போகும்வரை என் கதவை முதுகால் மறைத்துக்கொண்டு கத்தினாய்.

என் தறியின் சத்தம், இரண்டு அடிக்கு ஒரு கீச்சு, உனக்குத் தெரியாதா என்ன!

சாயங்காலம் தனியாக வந்தாய். நான் தலை நிமிரவில்லை. "நம்மள ஒவ்வொருத்தனா பிரிச்சுதான் அவனுங்க ஜெயிக்கிறானுங்க. உன்னக் காட்டிக் குடுத்தா, நானும் அவனுங்களுக்குத்தான வேல செஞ்சவன் ஆவேன்?" என்றாய். பிறகு, "டீ போடச் சொல்லு."

புடவையைப் பாதியில் விட்டுவிட்டு மறுநாளிலிருந்து உன்னோடு நடந்தேன். கேட்டதில் பாதிதான் கிடைத்தது. ஆனால் எல்லோருக்கும் கிடைத்தது.

நேற்று உன் மகள் சொன்னாள்: "அந்த ஸ்ட்ரைக்குல ஒரு நாள்கூட தறில கை வெக்காதவரு மாமாதான்னு அப்பா சொல்லிகினே இருப்பாரு. அதான் உங்களுக்குக் குடுத்தேன்."

வீட்டிலும் என்னை மறைத்தே வைத்திருக்கிறாய். "இல்லம்மா, நான் ஓட்டினேன்" என்று முழுவதையும் சொல்லிவிட்டேன். குழாயையும் அவளிடமே நீட்டினேன்.

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். உன் கண்தான் அவளுக்கு. குழாயைத் திரும்ப என் மடியில் வைத்துவிட்டுச் சொன்னாள்:

"டீ போடச் சொல்லுங்க மாமா."