கடைசி வீட்டுக் குழாய்

ஜூன் 12, 2020

யாரிடமும் சொல்ல முடியாததை இதிலாவது எழுதித் தொலைக்கிறேன். கொரோனாவுக்குப் பயந்து முறுக்குப் பாக்கெட்டைச் சோப்புத் தண்ணீரில் முக்கிக் குளிப்பாட்டினேன். பாக்கெட்டில் ஓட்டை. ரஞ்சனிக்குத் தெரிந்தால் வருஷம் பூரா சொல்லிக் காட்டுவாள். பெண்டாட்டிக்குப் பயந்து, நுரையோடு நானே எல்லாவற்றையும் தின்றேன். ஐம்பது வயதில் என் குடல் இவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை.

ஜூன் 14

தண்ணீர் நாள். ஒருநாள் விட்டு ஒருநாள் காலையில் வரும். குழாயிலேயே மாட்டிய மோட்டாரைப் போட்டேன். ஒரே உறிஞ்சு, மாடித் தொட்டி வழிந்தது. அப்புறம் மாடியில் நின்று தெருவை வேடிக்கை பார்த்தேன். ஜெராக்ஸ் கடையை மூடியதிலிருந்து இதுதான் உத்தியோகம்.

தெருவே கை கழுவுகிறது. எதிர்வீட்டு தேவநாதன் குழாயைத் திறந்து விட்டுவிட்டு, கையில் நுரையோடு மகளிடம் போனில் அரட்டை. பக்கத்து வீட்டு தனகோட்டி அக்கா கத்தரிக்காய்களைப் பச்சைக் குழந்தை மாதிரி ஒவ்வொன்றாகக் குளிப்பாட்டுகிறாள்.

சுற்றுலாக்காரர்கள் வரும் எங்கள் ஊர்க் கோட்டையைப் பூட்டிவிட்டதால், அங்கே தீனி போட ஆளில்லை. குரங்குகள் இறங்கி வந்து, சாக்கடையில் அடைத்துக் கிடக்கும் சாம்பார்க் கவர்களை நக்குகின்றன. ஒன்று, தேவநாதன் வீசிய மாஸ்க்கை எடுத்து வாயில் வைத்துப் பார்த்தது. அவர் அதைத் தாடைக்கு மேல் ஏற்றியதே இல்லை.

ஜூன் 16

தெருக்கோடி மீனம்பாள் வந்தாள். புருஷனுக்குக் கொத்தனார் வேலை நின்றதிலிருந்து அவள் விற்கும் இட்லிதான் அந்த வீட்டுக்குச் சோறு. வாசலுக்கு வெளியே தள்ளி நின்றாள்.

"அண்ணா, எங்க குழாயில மூணு முறையா காத்துதான் வருது. அரிசி ஊற வெக்கக்கூட தண்ணி இல்ல. இப்டியே போனா கடைய மூட்ற வேண்டிதுதான்."

இன்னொரு வருத்தமும் உண்டு. முன்பு இலையில் கட்டித் தருவாள். இப்போது இலையில் எவன் கை பட்டதோ என்று எல்லோரும் பிளாஸ்டிக் கவர் கேட்கிறார்கள். சாக்கடை அடைத்தால் அவளைத் திட்டுகிறார்கள்.

சோப்பு முறுக்கையே ஜீரணித்த தைரியத்தில், "நீ போம்மா, நான் பாத்துக்கறேன்" என்றேன்.

ஜூன் 17

நியாயம் பேசினால் இந்தத் தெரு கொட்டாவி விடும். அதனால் தனகோட்டி அக்காவிடம் ரகசியம் என்று சொன்னேன்: மீனம்பாள் கடையை மூடப் போகிறாள், இனி அவரவர் வீட்டில் மாவாட்ட வேண்டியதுதான். ரகசியம் அக்காவிடம் பத்து நிமிஷம்கூட தங்காது.

சாயங்காலம் தேவநாதன் கூப்பிட்டார். "இன்னாய்யா, நெஜமாவா?" முகம் வெளுத்திருந்தது. கொரோனாவுக்குக்கூட மனுஷன் இப்படிப் பயந்ததில்லை. குழாயை மூடிவிட்டுச் சோப்புப் போடுங்கள், இட்லி வாங்கப் பாத்திரம் கொண்டுபோங்கள் என்று தெரு பூராவுக்கும் பிரசங்கம் செய்தேன். தொண்டை கட்டிவிட்டது.

ஜூன் 18

தெருவே குழாயை மூடி மூடித்தான் திறந்தது. என் கண்ணாலேயே பார்த்தேன். மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பிவிட்டு தெருக்கோடிக்குப் போனால் — அங்கே காற்றுதான். யாரோ திருட்டுத்தனம் பண்ணுறான். தேவநாதனாகத்தான் இருக்கும். அந்த மூஞ்சியைப் பார்த்தாலே தெரியலையா?

ஜூன் 19

மீனம்பாள் அடுப்பு பற்ற வைக்கவில்லை. எங்கள் வீட்டில் உப்புமா.

ஜூன் 20

விடிந்ததும் தெருக்கோடிக்கு ஓடினேன். தண்ணீர்! கனமாக, நிற்காமல். மீனம்பாள் அண்டா, குடம், குழந்தை குளிக்கும் டப் வரை நிரப்பிக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் என்னைப் பார்த்துக் கும்பிட்டான். நானும் தெருவுக்கே தலைவன் மாதிரி கையை உயர்த்திவிட்டு வந்தேன். திருந்திவிட்டார்கள். ஒரு ஆள் வாயைத் திறந்தால் ஊர் மாறும்.

ஜூன் 21

தேவநாதன் தூக்குவாளியோடு இட்லிக்கு நிற்கிறார். எனக்கு மீனம்பாள் இலையில் கட்டி அனுப்பியிருந்தாள், காசு வாங்கவில்லை. என் சாதனையை ரஞ்சனிக்கு ஆதியிலிருந்து விளக்கினேன். முழுவதையும் கேட்டுவிட்டு, சட்னியை ஊற்றிக்கொண்டே சொன்னாள்:

"நேத்து விடியறதுக்கு முன்னாடியே டிரான்ஸ்பார்மர் போயிட்ச்சு. மத்தியானம் வரைக்கும் கரண்ட் இல்ல. நீங்க மோட்டாரே போடல."