ஒட்டுவதற்கு ஒரு கதவு

அன்பே,

சோபியாவின் புறநகர்களில் இன்றும் அலைந்தேன். புது வேலையில் சேர்ந்தாயிற்று, வீடுதான் அமையவில்லை. முதல் வீட்டு ஜன்னலில் வித்தோஷா மலை முழுசாகத் தெரிந்தது; வேண்டாம் என்றேன். அடுத்ததில் செர்ரி மரம், வாசலிலேயே பேருந்து. அதுவும் வேண்டாம். தரகு பார்க்கும் தெமெனுகாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்ன சார், உள்ளயே வராம கதவைத் தடவிப் பாத்துட்டு நிக்கிறீங்க? கதவையா வாடகைக்கு எடுக்கப் போறீங்க?"

"இதுல தாள் ஒட்ட விடுவாங்களா?"

"சாவு நோட்டீஸா? ஐயோ, இங்க விடமாட்டாங்க சார். டீசன்ட்டான காலனி இது."

நம் ஊர் ரூசேயை விட்டு வர மாட்டேன் என்றாய். காரணம் நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒவ்வொரு மார்ச்சிலும் ரலித்சாவின் படம் போட்ட அஞ்சலித் தாளை நம் கதவில் நீ ஒட்டுவதைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன்.

கடைசியில் ஒரு வீட்டைப் பிடித்துவிட்டேன். சுவரெல்லாம் ஈரம், பேருந்துக்கு வெகுதூரம் நடக்க வேண்டும், நீ திட்டுவாய். ஆனால் மரக்கதவு. எதிர்வீட்டுக் கதவில் ஒரு பெரியவரின் படம், மழையில் மை கரைந்தும் யாரும் கிழிக்காமல் இருக்கிறது.

இந்தத் தெருவில் நம் மகளை யாருக்கும் தெரியாது. மார்ச்சில் தெரிந்துகொள்ளட்டும். வந்துவிடு.

புது வாசலில் நிற்கும்,
உன்னவன்