ஞாயிற்றுக்கிழமை கட்டிய படங்கு

இன்று விடாத மழை. கொழுந்து பறிக்கும்போது இடுப்பைச் சுற்றிக் கட்டும் படங்கு நனைந்து வந்ததால் அடுப்புக்குப் பக்கத்தில் விரித்துப் போட்டிருக்கிறேன். கொழுந்துக் கறையும் இறப்பரும் சேர்ந்து சூடேறும்போது ஒரு வாடை வருமே, அது வீடு முழுக்க நிற்கிறது. ஓரத்தில் நாலு பல் தடம். மற்றவர்கள் செத்துப்போன சிநேகிதியைச் சேலையைப் பார்த்து நினைப்பார்கள், போட்டோவைப் பார்த்து நினைப்பார்கள். எனக்கு வாய்த்தது நாய் கடித்த படங்கு.

உனக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது. நீ கோபிக்கமாட்டாய் என்று தெரிந்தும் இத்தனை நாள் சொல்லாமல் வைத்திருந்தேன்.

சூட்டி குட்டியாக இருந்த நாட்கள் உனக்கு மறந்திருக்காது. அதற்கு முந்தின நாயை லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் கட்டிப்போட்டு வேலைக்குப் போன ஒருநாள் சிறுத்தை தூக்கிக்கொண்டு போய்விட்டது. அதனால் இதை வீட்டுக்குள் விட்டுப் பூட்டிவிட்டுத்தான் காலையில் வேலைக்குப் பேர் பதியப் பெரட்டுக்கு ஓடுவேன். சாயங்காலம் கதவைத் திறந்தால் தினமும் ஒரு சேதம். தலையணை போனது. கூடைக் கயிறு போனது. கதவின் அடிப்பலகையைக் கடித்துக் கடித்து வெளிச்சம் தெரியவைத்தது. கடைசியில் என் வீட்டுக்காரர் தீபாவளிக்குக் காலில் போட எடுத்த சப்பாத்தில் ஒன்றைத் தின்றது. இரண்டையும் தின்றிருந்தால்கூட மனிதர் அவ்வளவு கத்தியிருக்கமாட்டார்.

"வர்ற போயாவுக்கு இத வட்டகொட ஸ்டேஷன்ல விட்டுட்டு வந்துர்றேன். எவனாச்சும் சோறு போடுவான்" என்றார். அவர் சொன்னால் செய்கிற ஆள். பௌர்ணமி லீவு நாளான அந்தப் போயாவுக்குப் பதினாறு நாள் இருந்தது.

நான் விளக்குமாற்றை எடுத்தேன். வீட்டுக்கு வந்ததும் அடி. கொச்சிக்காயை அரைத்து மேசைக் காலில் பூசினேன். சூட்டி அதை விட்டுவிட்டுக் கட்டில் காலைக் கடித்தது. பூசிய கையால் கண்ணைத் தேய்த்துக்கொண்டு மலையில் அழுதபடி நின்றது நான்தான். பக்கத்து நிரையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த நீ விழுந்து விழுந்து சிரித்தாய்.

மறுநாள் காலை பெரட்டுக்குக் கூப்பிட வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாய்.

"ஏ புள்ள, நீ படங்கக் கையில எடுத்தவொடனே அது மூஞ்சியப் பாத்தியா?"

அதுவரை நான் பார்த்ததே இல்லை. வாய் ஒழுக, உடம்பு நடுங்க, கதவுக்கும் என் காலுக்குமாக ஓடிக்கொண்டிருந்தது. "தங்கம், அம்மா வந்துருவேன்" என்று நான் கொஞ்சக் கொஞ்ச நடுக்கம் கூடியது.

"படங்கு கட்டுனா நீ போயிருவன்னு அதுக்குத் தெரியுது. பயத்துலதான் கடிக்குது. சாயங்காலம் வந்து அடிக்கிறியே, காலைல கடிச்சதுக்குன்னா அது நெனைக்கும்? திரும்பி வந்ததுக்கு அடிக்கிறாளேன்னுதான் நெனைக்கும்."

விளக்குமாற்றை அன்றைக்குப் போட்டதுதான். என் மேலேயே எனக்கு வெறுப்பாக வந்தது.

உன் வைத்தியம் லயத்துக்கே வேடிக்கையாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை படங்கைக் கட்டிக்கொண்டு வீட்டிலேயே இரு என்றாய். கட்டிக்கொண்டு சமை, கட்டிக்கொண்டு துணி மடி, எங்கேயும் போகாதே. எனக்கு வெட்கமாக இருந்தது. அதைப் பார்த்துவிட்டு நீயும் உன் படங்கைக் கட்டிக்கொண்டு வந்து என் வாசலில் உட்கார்ந்தாய். இரண்டு பேரும் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தபோது அந்தப் பக்கம் வந்த கங்காணி, "என்னம்மா, ஞாயித்துக்கெழமையும் எந்த மலைக்கு?" என்று கேட்டார்.

"அஞ்சாம் நம்பருக்குத்தான் கங்காணி. நாய்க்கும் ஒரு நெர புடிச்சு வச்சிருக்கோம்" என்றாய்.

அப்புறம் கதவைப் பூட்டிக்கொண்டு வெளியே நின்று, பத்து எண்ணிவிட்டுத் திரும்பி வரச் சொன்னாய். அடுத்த நாள் பீலிவரை போய்த் தண்ணீர் பிடித்துக்கொண்டு வருவது. "போறப்ப ஒண்ணும் சொல்லாத, வர்றப்பவும் ஆட்டம் போடாத. சும்மா போ, சும்மா வா." காலையில் வேலைக்கு முன்னால் அதைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டேன். உன் பழைய படங்கைக் கிழித்து, உள்ளே கருவாட்டுத் துண்டை வைத்து முடிச்சுப் போட்டு அதற்குக் கடிக்கக் கொடுத்தாய். போயா வந்தது. அந்த வாரம் ஒரு சீப்பு மட்டும்தான் போயிருந்தது. "அடுத்த போயா வரைக்கும் பாப்போம்" என்றார் வீட்டுக்காரர், மனசே இல்லாமல்.

அடுத்த போயாவுக்கு முன்னால் நீ போய்விட்டாய். நெஞ்சு வலி என்று தோட்டத்து வாகனத்தில் உன்னை ஏற்றும்போது நான் மலையில் இருந்தேன். ஒன்றும் சொல்லாமல் போனாய். நாய்க்குச் சொன்ன புத்தி நாய்க்குச் சரி, எனக்கு அது ஆகவில்லை. ரொம்ப நாள் உன்மேல் கோபமாக இருந்தேன்.

உன்னை எடுத்த அன்று விடியற்காலையில் வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்தவளுக்குச் சூட்டியின் நினைப்பே இல்லை. ஆண்கள் அடக்கம் முடித்துத் திரும்பிய பிறகு, உன் வாசலைக் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் ஞாபகம் வந்தது. அவ்வளவு நேரம் அது தனியாக இருந்ததே இல்லை. கட்டிலுக்கு அடியில் வீட்டுக்காரரின் புதுச் சப்பாத்து இருந்தது. நீயும் இல்லை, இனி நாயும் இருக்காது என்று நினைத்துக்கொண்டே அவர் பின்னால் நடந்தேன்.

அவர்தான் கதவைத் திறந்தார். சப்பாத்து இரண்டும் வைத்த இடத்தில் இருந்தன. உன் படங்குத் துண்டின்மேல் தாடையை வைத்துச் சூட்டி தூங்கிக்கொண்டிருந்தது. ஒரு கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டது. அவர் சப்பாத்தைத் தூக்கி, கடையில் பார்க்கிற மாதிரி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "சரி, கெடந்துட்டுப் போகட்டும்" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். உன்னைப் புதைத்த அன்றைக்கு, பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்க்கும்படி, வயிறு வலிக்கச் சிரித்தேன். இதைத்தான் உன்னிடம் சொல்ல நினைத்தேன். இத்தனை நாள் பெரிய குற்றம்போல உறுத்திக்கொண்டிருந்தது. எழுதியதும் நெஞ்சு லேசாகிவிட்டது. அந்தக் கோபமும் இப்போது இல்லை.

சூட்டிக்கு இப்போது நாலு வயது. படங்கை எடுத்தால் தலையைக்கூடத் தூக்குவதில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அதைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் வாசலில் உட்காருகிறேன். போன வாரம் அதே கங்காணி வந்தார். என்னைப் பார்த்துவிட்டு நின்றார்.

"எந்த மலைக்கும்மா?"

"அஞ்சாம் நம்பருக்குத்தான் கங்காணி. பக்கத்து நெரைய அவளுக்கு வச்சிருக்கேன்."

எனக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தைப் பார்த்தார். பிறகு, "அவ கை வேகமாச்சே. நீ பின்னால நின்னுறாதம்மா" என்றார்.